மீன் பூரணம் அடைத்துச் சுட்ட உருளைக்கிழங்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முழு உருளைக்கிழங்கைத் தோலுடன் ஓவனில் சுட்டு, உள்ளிருக்கும் சதையைக் குடைந்தெடுத்து, அதனுடன் வெந்த மீனையும் வெண்ணெயையும் கலந்து, அதே தோலுக்குள் மீண்டும் நிரப்பி இரண்டாம் முறை சுடுவதே இங்கே பேசப்படும் பதார்த்தம். செய்முறை எளிது. ஆனால் கிழங்கும் மீனும் தம் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீரைக் கொண்டவை என்பதால், இதில் நேரும் குறைகளில் பெரும்பாலானவை ஈரத்தைச் சரியாகக் கையாளாததால் வருபவையே. கீழே உள்ள பதில்களில் பலவும் ஏதோ ஒரு வகையில் அந்த ஈரத்தைப் பற்றியவை என்பதை வாசகர்கள் விரைவில் கண்டுகொள்வார்கள்.

எந்த வகை உருளைக்கிழங்கு இதற்கு ஏற்றது?

வெந்ததும் பொலபொலவென உதிரும், மாவுத்தன்மை மிகுந்த வகையே ஏற்றது. ரசெட், கிங் எட்வர்ட், மாரிஸ் பைப்பர் ஆகியவை இந்த இனத்தைச் சேர்ந்தவை. இவற்றின் செல்களில் மாவுச்சத்து நிறைந்திருக்கிறது. சூடேறும்போது அந்த மாவுமணிகள் செல்லுக்குள் இருக்கும் நீரை உறிஞ்சிப் பருத்து, செல்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகக் காரணமாகின்றன. அதனால் சதை உலர்ந்தும் இலகுவாகவும் ஆகி, பின்னர் சேர்க்கும் வெண்ணெயையும் பாலையும் நன்றாக ஏற்றுக்கொள்கிறது. இறுக்கமான, வழவழப்பான சதையுள்ள வகைகள் வெந்த பிறகும் துண்டாகவே நிற்கும். அவற்றை மசித்தால் பூரணம் கனத்துப் போகும்.

கையில் இருப்பது எந்த வகை என்று தெரியாவிட்டால் ஒரு சோதனை உண்டு. கிண்ண அளவில் 1 பங்கு உப்பை 11 பங்கு தண்ணீரில் கரைத்து, அதில் கிழங்கைப் போட வேண்டும். மாவுத்தன்மை மிகுந்த கிழங்கு அடர்த்தி அதிகம் என்பதால் மூழ்கும், மற்றது மிதக்கும்.

ஒவ்வொன்றும் 280 முதல் 320 கிராம் வரை எடையுள்ள, நீள்வட்ட வடிவக் கிழங்குகளாகத் தேர்ந்தெடுப்பது நல்லது. எடை ஒன்றுபோல் இருந்தால்தான் எல்லாம் ஒரே நேரத்தில் வேகும். தோலையும் சேர்த்து உண்ணப்போகிறோம் என்பதால், பச்சை படர்ந்த கிழங்குகளையும் முளைவிட்டவற்றையும் ஒதுக்கிவிட வேண்டும். அவற்றில் மிகுந்திருக்கும் சொலனைன் போன்ற நச்சுப் பொருள்கள் தோலிலும் தோலை ஒட்டிய பகுதியிலும்தான் செறிந்திருக்கின்றன. சுடும் சூட்டில் அவை அழிவதில்லை. வாங்கிய கிழங்கைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்காமல், வெளிச்சம் படாத, காற்றோட்டமுள்ள, குளிர்ந்த இடத்தில் வைக்கலாம். கடுங்குளிரில் மாவுச்சத்தின் ஒரு பகுதி சர்க்கரையாக மாறி, சுடும்போது இனிப்பும் கருநிறமும் தருகிறது.

நான்கு பேருக்கு என்ன அளவு தேவை?

உருளைக்கிழங்கு 4, முள் நீக்கிய மீன் 300 கிராம், மீனை வேகவைக்கப் பால் 250 மி.லி., வெண்ணெய் 50 கிராம், பொடியாக நறுக்கிய வெங்காயம் ஒன்று, துருவிய சீஸ் 60 கிராம், அரை எலுமிச்சையின் சாறும் தோல் துருவலும், கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள், உப்பு, நறுக்கிய பார்ஸ்லி அல்லது வெங்காயத்தாள் ஒரு கைப்பிடி.

இந்த அளவில் ஒரு கணக்கைக் கவனிக்க வேண்டும். குடைந்தெடுத்த சதை முழுவதையும் மீனுடன் கலந்து திரும்ப நிரப்ப முடியாது. தோலுக்குள் இருக்கும் இடம் அவ்வளவுதான். ஆகவே சதையில் ஏறத்தாழ கால் பங்கை எடுத்துத் தனியே வைத்துவிட வேண்டும். பல செய்முறைகள் இதைச் சொல்லாமல் விடுவதால், பூரணம் குவிந்து வழிந்து ஓவன் தட்டில் கருகுகிறது, அல்லது இடம் போதாமல் மீனைக் குறைக்க நேர்கிறது. மீனைக் குறைப்பதைவிடக் கிழங்கைக் குறைப்பதே சரியானது.

முதல் முறை எவ்வளவு சூட்டில், எவ்வளவு நேரம் சுட வேண்டும்?

ஓவனை 200 டிகிரி செல்சியஸுக்கு முன்கூட்டியே சூடேற்ற வேண்டும். கிழங்கைக் கழுவித் தேய்த்து, துணியால் ஈரம் போகத் துடைத்து, முள்கரண்டியால் நாலைந்து இடங்களில் குத்தி, மெல்லிய பூச்சாக எண்ணெய் தடவி, கல்லுப்பைத் தூவித் தேய்க்கலாம். குத்துவது உள்ளே சேரும் நீராவிக்கு வழிவிடுவதற்காக. குத்தாத கிழங்கு ஓவனுக்குள் வெடிப்பது அரிதுதான் என்றாலும், வெடித்தால் சுத்தம் செய்யும் வேலை பெரிது.

300 கிராம் கிழங்குக்கு 60 முதல் 75 நிமிடம் வரை ஆகும். தட்டில் வைப்பதைவிட ஓவனின் கம்பித் தட்டின்மேல் நேரடியாக வைத்தால் அடிப்பக்கமும் சீராக உலரும். கடிகாரத்தை மட்டும் நம்பாமல் உள்ளே வெந்திருக்கிறதா என்று பார்ப்பதே மேல். சமையல் வெப்பமானி இருந்தால், நடுப்பகுதி 96 முதல் 99 டிகிரி காட்ட வேண்டும். வெப்பமானி இல்லையெனில் மெல்லிய கத்தியை நடுவில் செலுத்திப் பார்க்கலாம். அது எங்கும் தடைபடாமல் இறங்க வேண்டும். நடுவில் சிறிது முரண்டு பிடித்தாலும் இன்னும் பத்து நிமிடம் விட்டுவிடுவது நல்லது. அரைவேக்காட்டுக் கிழங்கை எவ்வளவு மசித்தாலும் கட்டி போகாது.

வெந்ததும் உடனே கீற வேண்டும். முழுதாக ஆறவிட்டால் உள்ளிருக்கும் ஆவி மீண்டும் நீராகி, உலர்ந்திருந்த சதையை நனைத்துவிடும். கையில் மடித்த துணியைப் பிடித்துக்கொண்டு, கிழங்கை நீளவாக்கில் கீறினால் வெண்ணிற ஆவி ஒரே வேகத்தில் மேலெழும். அந்த ஆவி அடங்கும்வரை, இரண்டு மூன்று நிமிடம், கிழங்கைத் திறந்தபடியே விட வேண்டும். அப்போது வெளியேறும் ஒவ்வொரு துளி ஈரமும் பிறகு பூரணத்தைக் கெடுக்காமல் போகும் ஈரம்.

அலுமினியத் தாளில் சுற்றிச் சுடலாமா?

வேண்டாம். தாளுக்குள் ஆவி அடைபட்டுக் கிழங்கு அவிகிறதே தவிரச் சுடப்படுவதில்லை. தோல் தளர்ந்து, பூரணத்தைத் தாங்கும் வலு இல்லாமல் போகிறது.

பாதுகாப்புக் காரணமும் ஒன்று உண்டு. தாளில் சுற்றிச் சுட்ட கிழங்கை அப்படியே அறை வெப்பத்தில் வைத்தால், காற்றில்லாத ஈரச் சூழலில் பாட்டுலிசம் நோயைத் தரும் கிருமியின் வித்துகள் முளைத்து நஞ்சை உண்டாக்க முடியும். சுடும் சூட்டைத் தாங்கிப் பிழைப்பவை அந்த வித்துகள். 1994இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து எல் பாசோ நகரில், இப்படித் தாளில் சுற்றி அறை வெப்பத்தில் விடப்பட்ட கிழங்குகளைக் கொண்டு செய்த உணவால் 30 பேர் பாதிக்கப்பட்டனர். தாளைத் தவிர்த்துவிட்டால் இந்தக் கவலைக்கு இடமில்லை. ஆயினும் சுட்ட கிழங்கை மணிக்கணக்கில் வெளியே வைப்பது எந்த நிலையிலும் தகாது.

தோல் கிழியாமல் சதையைக் குடைவது எப்படி?

நீளவாக்கில் இரண்டாகப் பிளந்து இரண்டு படகுகளாகச் செய்வது ஒரு முறை. மேல்பகுதியில் கால் பாகத்தை மூடிபோல வெட்டியெடுத்து, கீழ்ப்பகுதியை மட்டும் குழியாக்குவது இன்னொரு முறை. மீன் பூரணத்துக்கு இரண்டாவது முறையே என் தேர்வு. குழி ஆழமாக இருப்பதால் மீன் உள்ளே ஈரப்பதத்துடன் இருக்கும். படகில் பரப்பு அதிகம் என்பதால் மேலே கிடக்கும் மீன் துண்டுகள் எளிதில் வறண்டுவிடும்.

விளிம்பு கூர்மையாக இல்லாத கரண்டியால், ஓரத்தில் ஏறத்தாழ 7 மி.மீ. கனத்துக்குச் சதையை விட்டுவிட்டுக் குடைய வேண்டும். அடிப்பகுதியில் இன்னும் சற்றுக் கூடுதலாக விடலாம். தோல் தெரியும்வரை சுரண்டினால் ஓடு நிமிர்ந்து நிற்காது. குடைந்த ஓட்டின் உட்புறத்தில் உருக்கிய வெண்ணெயைத் தடவி, வெறும் ஓட்டை மட்டும் மீண்டும் 10 நிமிடம் ஓவனில் வைத்தெடுப்பது பலர் தவிர்த்துவிடும் படி. அதைச் செய்த ஓட்டுக்கும் செய்யாத ஓட்டுக்கும் உள்ள வேறுபாடு, தட்டிலிருந்து எடுக்கும்போதே கைக்குத் தெரியும்.

எந்த மீன் நன்றாக இருக்கும்?

வெந்ததும் பெரிய இதழ்களாகப் பிரியும், கனமான சதையுள்ள மீன் எதுவும் பொருந்தும். காட், ஹாடக், சால்மன், வஞ்சிரம், கொடுவா ஆகியவை நல்ல தேர்வுகள். புகையூட்டிய ஹாடக் அல்லது புகையூட்டிய அயலை கிழங்குக்கு மிகவும் இசைவானது. கிழங்கின் மங்கலான சுவைக்கு அந்தப் புகைவாசம் தேவையான எடுப்பைத் தருகிறது. பாதி புகையூட்டிய மீன், பாதி சாதாரண மீன் என்று கலப்பதே எனக்குப் பிடித்தது. முழுவதும் புகையூட்டிய மீனாக இருந்தால் உப்பு மேலோங்கிவிடும்.

மிக மென்மையான, மெல்லிய சதையுள்ள மீன்கள் கிழங்கோடு கலக்கும்போது கரைந்து காணாமல் போகின்றன. நுண்முள் நிறைந்த மீன்களை முற்றிலும் தவிர்க்கலாம். மசித்த கிழங்குக்குள் மறைந்திருக்கும் முள்ளை நாக்கால் கண்டுபிடிப்பது கடினம். உப்பிட்டு உலர்த்திய காட் மீனைப் பயன்படுத்துவோர், அதைக் குறைந்தது 24 மணி நேரம் குளிர்ந்த நீரில், நீரைப் பலமுறை மாற்றி ஊறவைத்த பிறகே சமைக்க வேண்டும்.

பூரணத்துக்கான மீனை எப்படி வேகவைக்க வேண்டும்? பச்சையாகவே அடைத்துச் சுட்டால் என்ன?

பச்சை மீனை அடைப்பதில் இரண்டு சிக்கல்கள் உள்ளன. வேகும்போது மீன் விடும் நீர் முழுவதும் கிழங்குக்குள் இறங்கிவிடும். மேலும், மேற்பரப்பு பொன்னிறமாகும் நேரத்தில் நடுவிலிருக்கும் மீன் பாதுகாப்பான சூட்டை எட்டியதா என்பதை அறிய வழியில்லை. ஆகவே முன்கூட்டியே வேகவைத்து, வடித்து, பிறகு கலப்பதே முறையானது.

அகலமான பாத்திரத்தில் மீனை ஒற்றை அடுக்காக வைத்து, குளிர்ந்த பாலை ஊற்றி, ஒரு பிரிஞ்சி இலை, சில மிளகு, நறுக்கிய வெங்காயத்தில் சில துண்டுகள் ஆகியவற்றைச் சேர்த்துச் சிறு தீயில் வைக்க வேண்டும். பால் கொதித்துப் பொங்கக் கூடாது. ஓரங்களில் சிறு குமிழ்கள் எழுந்து, மேற்பரப்பு இலேசாக நடுங்கும் நிலையிலேயே 6 முதல் 8 நிமிடம் வைத்திருந்தால், 2 செ.மீ. கனமுள்ள துண்டுகள் வெந்துவிடும். இறைச்சியோடு ஒப்பிட்டால் மீனில் இணைப்புத்திசு மிகக் குறைவு. தசைப் புரதங்களும் குறைந்த சூட்டிலேயே இறுகத் தொடங்கி, தம்முள் இருந்த நீரை வெளியே பிழிந்துவிடுகின்றன. அதனால்தான் கொதிக்கும் பாலில் வெந்த மீன் ஒரே சமயத்தில் வறண்டும், சுற்றிலும் நீர்விட்டும் காணப்படுகிறது.

மீனுக்குப் பாதுகாப்பான உட்சூடு 63 டிகிரி செல்சியஸ் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் பரிந்துரைக்கிறது. கண்ணால் பார்ப்பதானால், சதையின் கண்ணாடித்தன்மை நீங்கி, உள்வரை வெண்மையாகி, முள்கரண்டியால் தொட்டதும் இதழ் இதழாக நழுவ வேண்டும்.

வெந்த மீனைத் துளைக்கரண்டியால் எடுத்து, சல்லடையில் ஐந்து நிமிடம் வடியவிட்டு, பிறகு அகலமான தட்டில் பரப்ப வேண்டும். தோலை உரித்துவிட்டு, ஒவ்வோர் இதழையும் விரல் நுனிகளுக்கிடையே இலேசாக அழுத்திப் பார்ப்பது நல்லது. கண்ணுக்குத் தெரியாத முள்ளும் விரலுக்குச் சிக்கிவிடும். வெள்ளைத் தட்டைவிட அடர்நிறத் தட்டில் முள் தெளிவாகத் தெரியும். இதழ்களைப் பொடித்துவிடாமல் பெரிதாகவே விட வேண்டும். கலக்கும்போது அவை எப்படியும் சற்று உடையும். மீன் வெந்த பாலை வடிகட்டி எடுத்து வைத்துக்கொள்ளலாம். கிழங்கை மசிக்க அதைவிடச் சிறந்த திரவம் வேறில்லை.

டப்பாவில் அடைத்த மீனைப் பயன்படுத்தலாமா?

தாராளமாகப் பயன்படுத்தலாம். சூரை, சால்மன், மத்தி மூன்றுமே பொருந்தும். எண்ணெயில் அடைத்த சூரை, நீரில் அடைத்ததைவிடச் சாறு நிறைந்ததாக இருக்கும்; அந்த எண்ணெயிலேயே வெங்காயத்தை வதக்கினால் வெண்ணெயைப் பாதியாகக் குறைக்கலாம். நீரில் அடைத்ததாக இருந்தால், சல்லடையில் கொட்டி, கரண்டியின் முதுகால் அழுத்திப் பிழிய வேண்டும். டப்பா சால்மனில் இருக்கும் எலும்புகள் அதிக அழுத்தத்தில் வெந்து மென்மையானவை. அவற்றை மசித்துச் சேர்த்துவிடலாம், சுண்ணாம்புச்சத்தும் கிடைக்கும். டப்பா மீன் முன்பே உப்பிட்டது என்பதால் பூரணத்தைச் சுவைத்துப் பார்க்காமல் உப்புச் சேர்க்கக் கூடாது.

மசித்த கிழங்கு பசைபோல் ஆகிவிடுகிறது. ஏன்?

அளவுக்கு மீறி அடித்துக் கிண்டுவதே காரணம். செல்கள் சிதைந்தால் உள்ளே ஊறிப் பருத்திருந்த மாவுச்சத்து வெளியே வந்து ஒட்டிக்கொள்கிறது. மிக்ஸியும் பிளெண்டரும் இந்த வேலைக்கு ஆகாதவை. கை மத்து, சல்லடை, அல்லது முள்கரண்டி போதும்.

கிழங்கு சூடாக இருக்கும்போதே மசிக்க வேண்டும். முதலில் வெண்ணெயைச் சேர்த்துக் கலந்து, அதன் கொழுப்பு எங்கும் படிந்த பிறகே பாலைச் சிறிது சிறிதாக ஊற்ற வேண்டும். பாலும் சூடாக இருக்க வேண்டும். ஏறத்தாழ 80 முதல் 100 மி.லி. வரை தேவைப்படலாம், ஆனால் அளவைவிடப் பதமே முக்கியம். கரண்டியால் எடுத்துக் கவிழ்த்தால் உடனே விழாமல், ஒரு கணம் தயங்கி, மொத்தையாக விழும் பதம் சரியானது. தனியே பரிமாறும் மசியலைவிட இது சற்றுக் கெட்டியாக இருக்க வேண்டும். மீன் எவ்வளவு வடித்தாலும் இரண்டாம் சுடலில் இன்னும் கொஞ்சம் ஈரம் விடும். எலுமிச்சைச் சாறும் சேர்ந்துகொள்ளும்.

வெங்காயத்தைப் பச்சையாகச் சேர்ப்பதில்லை. வெண்ணெயில் நிறம் மாறாமல், நீர் வற்றும்வரை வதக்கி ஆறவிட்டே சேர்க்க வேண்டும். கடுகு விழுது, மிளகுத்தூள், எலுமிச்சைத் தோல் துருவல், பார்ஸ்லி எல்லாவற்றையும் கிழங்கில் கலந்து, உப்புப் பார்த்து, எல்லாவற்றுக்கும் கடைசியாகவே மீன் இதழ்களைச் சேர்த்து, அடியிலிருந்து மேலாக இரண்டு மூன்று முறை புரட்ட வேண்டும். அதற்குமேல் கலந்தால் மீன் பஞ்சுபோல் உதிர்ந்து, மீன் வாசனை வீசும் மசியல் மட்டுமே மிஞ்சும்.

மீன் வாடையைக் குறைக்க என்ன செய்யலாம்?

புதிய மீனுக்கு வாடை அதிகம் இராது என்பதே முதல் பதில். கடல்மீனின் உடலில் இயல்பாக உள்ள ஒரு சேர்மம், மீன் இறந்த பிறகு கிருமிகளால் ட்ரைமெத்திலமீனாக மாறுகிறது. நாம் வாடை என்று சொல்வது பெரும்பாலும் அதைத்தான். எலுமிச்சைச் சாறு, வினிகர் போன்ற புளிப்புப் பொருள்கள் அதனுடன் வினைபுரிந்து, அது ஆவியாகி மூக்கை எட்டாமல் தடுக்கின்றன. நன்னீர் மீன்களில் சில சமயம் வரும் மண்வாடைக்குக் காரணம் ஜியோஸ்மின் என்ற வேறொரு பொருள். அதையும் புளிப்பு சிதைக்கும். ஆகவே இரண்டுக்குமே எலுமிச்சை உதவும்.

ஆனால் வாடையை மறைப்பதும் கெட்ட மீனைத் திருத்துவதும் வெவ்வேறு. குறிப்பாகச் சூரை, அயலை, மத்தி போன்ற மீன்களைக் குளிரில் வைக்காமல் விட்டால் அவற்றில் ஹிஸ்டமின் சேர்கிறது. எவ்வளவு சூட்டில் சமைத்தாலும் அது அழிவதில்லை. உண்டவருக்கு முகம் சிவத்தல், தலைவலி, அரிப்பு ஆகியவை தோன்றலாம். நாக்கில் காரமாகச் சுரீரென்று உறைக்கும் மீனை அந்தக் கணமே ஒதுக்கிவிட வேண்டும்.

மீனோடு சீஸ் சேருமா?

சேரும், அளவு குறைவாக இருக்க வேண்டும். பூரணத்துக்குள் சேர்க்காமல் மேற்பரப்பில் மட்டும் தூவுவது நல்லது. செடார், குரூயேர், பர்மேசான் ஆகியவை எடுப்பான சுவை உள்ளவை என்பதால் கொஞ்சமே போதும். இழுபடும் மொசரெல்லாவை நான் பரிந்துரைப்பதில்லை; அது மேலே ஒரு மூடிபோலப் படர்ந்து ஆவியை உள்ளேயே அடைத்துவிடுகிறது. சீஸ் வேண்டாதவர்கள் வெண்ணெயில் புரட்டிய ரொட்டித்தூளைத் தூவலாம். நேர்த்தியான மொறுமொறுப்பை அதுதான் தருகிறது.

இரண்டாம் சுடலுக்கு எவ்வளவு நேரம்?

ஓட்டுக்குள் பூரணத்தை அமுக்காமல் நிரப்பி, மேலே சற்றுக் குவித்து, முள்கரண்டியால் வரிவரியாகக் கீறி, சீஸைத் தூவி, 200 டிகிரியில் 15 முதல் 20 நிமிடம் சுட வேண்டும். மேற்பரப்பின் வரிகள் பொன்னிறமாகி, நடுப்பகுதி ஆவி பறக்கும் அளவுக்குச் சூடேறியிருக்க வேண்டும். முன்பே செய்து குளிரவைத்த பூரணமாக இருந்தால் 25 முதல் 30 நிமிடம் தேவைப்படும். வெட்டியெடுத்த மூடிகளையும் உப்பும் எண்ணெயும் தடவிப் பக்கத்திலேயே வைத்தால், மொறுமொறுப்பான துணையாக உண்ணலாம்.

அடியில் நீர் தேங்கி, தோல் நமத்துப் போனால் காரணம் என்ன?

நான்கு இடங்களில் ஒன்றைச் சந்தேகிக்கலாம்: கிழங்கைக் கீறி ஆவியை வெளியேற்றாமல் ஆறவிட்டது, மீனை வடியவிடாமல் கலந்தது, பாலை ஒரேயடியாக ஊற்றியது, வெறும் ஓட்டை உலரவைக்காதது. என் கணிப்பில் இரண்டாவதே பெரும்பாலும் குற்றவாளி. உறைந்த மீனைச் சமைப்போர் இதில் கூடுதல் கவனம் கொள்ள வேண்டும். உறையும்போது உண்டாகும் பனிப்படிகங்கள் தசைநார்களைக் கிழிப்பதால், உருகியதும் அந்த மீன் அதிக நீரை விடும். அதை முந்தைய இரவே குளிர்சாதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து மெல்ல உருகவிட்டு, காகிதத் துணியால் ஒற்றி எடுத்த பிறகே பாலில் இட வேண்டும்.

தேங்கிவிட்ட பிறகு செய்யக்கூடியது ஒன்றுண்டு. கிழங்கைக் கம்பித் தட்டுக்கு மாற்றி, ஓவனின் சூட்டை 220 டிகிரிக்கு ஏற்றி, 8 நிமிடம் விட்டால் தோல் ஓரளவு மீண்டுவிடும்.

ஓவன் இல்லாமல் செய்ய முடியுமா?

ஏர் ஃப்ரையரில் நன்றாகவே வரும். நடுத்தரக் கிழங்கு 190 முதல் 200 டிகிரியில் 40 முதல் 50 நிமிடத்தில் வெந்துவிடும். சூடான காற்று சுற்றிவருவதால் தோல் ஓவனில் வருவதைவிட மொறுமொறுப்பாகவே இருக்கும். நிரப்பிய பிறகு 180 டிகிரியில் 8 முதல் 10 நிமிடம் போதும்.

மைக்ரோவேவ் வேகவைக்கும், சுடாது. குத்திய கிழங்கு ஒன்றை 800 வாட் சக்தியில் 6 முதல் 8 நிமிடம், பாதியில் திருப்பிப் போட்டு வேகவைத்தபின், சூடான ஓவனில் கால் மணி நேரம் வைத்தால் நேரமும் மிச்சம், தோலும் பரவாயில்லை. மைக்ரோவேவில் மட்டுமே முடித்த கிழங்கின் தோல் தோலாகவே இருக்கும். அதை ஓடு என்று சொல்ல முடியாது.

பால் பொருள்கள் ஒவ்வாதவர்கள் என்ன செய்வது?

மீனைப் பாலுக்குப் பதிலாக உப்பிட்ட நீரிலோ மீன் எலும்புச் சாற்றிலோ வேகவைத்து, அந்தச் சாற்றையும் நல்ல ஆலிவ் எண்ணெயையும் கிழங்கில் சேர்க்கலாம். 50 கிராம் வெண்ணெய்க்கு 40 மி.லி. எண்ணெய் சரியாக இருக்கும். பூண்டை எண்ணெயில் மெல்லச் சுண்டவைத்துச் சேர்த்தால் பால் இல்லாத குறை தெரியாது. சால்மனைவிட வெண்சதை மீன்களுக்கு இந்த முறை கூடுதலாகப் பொருந்துகிறது.

கர்ப்பிணிகளும் குழந்தைகளும் உண்ணலாமா?

முறையாக வெந்த மீன் இருவருக்கும் நல்லதே. சுறா, வாள்மீன், பெரிய வஞ்சிர இனமான கிங் மேக்கரல், மார்லின் போன்ற பெரிய வேட்டைமீன்களில் பாதரசம் மிகுதி என்பதால் அவற்றை மட்டும் தவிர்க்க வேண்டும். காட், சால்மன், மத்தி ஆகியவற்றில் அது குறைவு. சூடேற்றாமல் புகையூட்டிய சால்மனில் லிஸ்டீரியா கிருமி இருக்க வாய்ப்புண்டு. மற்றவர்கள் அதைச் சுட்டு முடித்த கிழங்கின்மேல் இழைகளாகக் கிள்ளிப் போட்டு உண்ணலாம். கர்ப்பிணிகளுக்கோ அதைப் பூரணத்தில் சேர்த்து, ஆவி பறக்கும்வரை சூடாக்கியே கொடுக்க வேண்டும். சிறு குழந்தைகளுக்கு முள் சோதனையை இரண்டாம் முறையும் செய்வது வீண் வேலையல்ல.

முன்கூட்டியே செய்து வைக்கலாமா? உறையவைக்கலாமா?

நிரப்பிய நிலையில், இரண்டாம் சுடலுக்கு முன்பு, மூடிய பாத்திரத்தில் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு நாள் வைக்கலாம். பூரணத்தைச் சூடாக நிரப்பி அப்படியே மூடிவிடக் கூடாது. அகலமான தட்டில் பரப்பி ஆறவிட்டு, சமைத்த இரண்டு மணி நேரத்துக்குள் குளிருக்குள் சேர்த்துவிட வேண்டும். சுட்டு முடித்து மீந்தவை 3 நாள் வரை தாங்கும். மீண்டும் சூடாக்கும்போது நடுப்பகுதி 74 டிகிரியை எட்ட வேண்டும். குளிர்ந்த கிழங்கின் மாவுச்சத்து மறுபடி இறுகுவதால் சதை சற்றுக் கட்டியாக இருக்கும். மேலே ஒரு கரண்டி பால் தெளித்து, முதல் பத்து நிமிடம் மூடிவைத்துச் சூடாக்கினால் இளகிவிடும்.

கொழுப்புச் சேர்த்து மசித்த கிழங்கு உறைநிலையை நன்றாகத் தாங்கும். தனித்தனியே உறையவைத்து, பிறகு பைகளில் இட்டு, மைனஸ் 18 டிகிரியில் ஒரு மாதம்வரை வைக்கலாம். உறையவைக்கும் எண்ணம் இருந்தால் பூரணத்தில் வேகவைத்த முட்டையோ மயோனெய்ஸோ சேர்க்கக் கூடாது. முட்டையின் வெள்ளைக்கரு ரப்பராகிவிடும், மயோனெய்ஸ் எண்ணெயும் நீருமாகப் பிரிந்துவிடும்.

தனியே எடுத்து வைத்த கால் பங்குக் கிழங்கை என்ன செய்வது?

பூரணத்தில் ஒரு கைப்பிடி எப்படியும் மீந்திருக்கும். அதையும் இந்தக் கிழங்கையும் ஒரு முட்டையின் மஞ்சள் கருவுடன் பிசைந்து, வட்டமாகத் தட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, அரை மணி நேரம் குளிரவைத்து, வாணலியில் கொஞ்சம் எண்ணெயில் இருபுறமும் சிவக்கப் பொரித்தால் மறுநாள் காலைக்கு மீன் வடைகள் கிடைக்கும். குளிரவைக்கும் அந்த அரை மணி நேரத்தைத் தவிர்த்தால் அவை எண்ணெயில் பிரிந்துவிடும்.